ஒருமுறை மட்டும் ஒலிக்கும்

மாங்குளம் ஆஸ்பத்திரி, இரவு இரண்டரை.
ஆறாம் கட்டிலுக்குச் சேலைன் மாற்றியாச்சு.
மார்கழி மழை தகரத்தில் நெல்லுக் கொட்டுது.
மேசைக்குக் கீழே போனைத் திறக்கிறன்:
இங்கிலாந்துக்காரன் ஒருத்தன்
கூடாரம் வாடகைக்குக் கேட்டுக் கோல் எடுக்கிறான்.

இவையளுக்கு எப்பவும் இதுதான் வேலை.
ஒருத்தி குடையைத் தொலைப்பாள்.
ஒருத்தன் நீச்சல் வகுப்புக்குப் பெயர் கொடுப்பான்.
நூதனசாலையில் ஒரு கிழவன்
கோப்பிக்கடை இடப்பக்கம், கழிப்பறை வலப்பக்கம் என்பான்.
அஞ்சல் குறியீட்டில் வந்தது
பி-யோ டி-யோ என்று நான் தடுமாற
அவன் கூடாரம் அடிச்சு, தேத்தண்ணியும் குடிச்சிடுவான்.

ஒருமுறை மட்டும் ஒலிக்கும். அதுதான் சட்டம்.

ஹெட்போனின்ர ஒரு பக்கம் எனக்குச் சொல்லும்,
மற்றப் பக்கம்
பூட்டின கடையின்ர கதவுக்குச் சொல்லும்.
வார்ட் ரவுண்டில் எப்பவும்
டொக்டரின்ர வலக்கைப் பக்கம் நிற்பன்.
பணிவு என்று நினைச்சிருக்கினம்.

கட்டணத்தைச் சொன்னதும் இவர் நெல்லாக்கிப் பார்த்தார்:
பதின்மூன்று மூட்டை,
ரக்டர் கூலி புறம்பு.

திகதிகள் பச்சைப் பெட்டியளாய் நிற்குது.
தை இருபத்தைந்து, மகளுக்குக் காது குத்து,
ஐயருக்கு முற்காசும் கொடுத்தாச்சு.
மாசி எட்டு,
வெட்டு மிசின் எங்கட வயலுக்கு வாற கிழமை.
பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடி.
பிறகு ஒரு கேள்வி, சின்ன எழுத்தில்:
விசேட ஏற்பாடு தேவையா? ஆம். இல்லை.

ஆம் என்றால் காது வைத்தியரின் கடிதம்,
ஆறு கிழமை முன்கூட்டி.
இல்லை என்றால் ஒன்றுமில்லை.
தாதியர் கல்லூரிப் படிவத்தில் இல்லை.
கலியாணம் பேசி வந்தவைக்கும் இல்லை.
இல்லை போட்டுப் போட்டு
என்ர விரலுக்கு அந்த இடம் பாடம்.

ஜெனிற்றாதான் எனக்குப் பரீட்சகர்.
மருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதின கேள்வியை நீட்டுவாள்.
இன்றைக்கு:
உனக்குப் பிடிக்காத சத்தம் ஒன்றை விவரி.
ஒரு நிமிசம் யோசிக்கலாம், இரண்டு நிமிசம் பேசவேணும்.

பக்கத்து வளவுத் தண்ணிப் பம்பைப் பற்றிப் பேசினன்.
விடிய நாலு மணிக்குத் தொடங்கும் என்றன்,
பிள்ளை எழும்பி அழும் என்றன்,
'இருப்பினும்', 'அதன் விளைவாக' எல்லாம் போட்டன்.
மணி அடிச்சது.

"இலக்கணம் சரி," என்றாள் ஜெனிற்றா,
"பம்பு பொய்."

அப்பதான் பார்த்தன்,
அவளின்ர ஸ்டூல் என் இடப்பக்கம் கிடக்கு.
நேற்றும் அங்கதான் கிடந்தது.
போன வருசமும்.
சாப்பாட்டு அறையில், பஸ்ஸில்,
சிஸ்ரரின் செத்தவீட்டு வாங்கிலில்,
மூன்று வருசமாய் இவள்
சுத்தி வந்து, சுத்தி வந்து
அந்தப் பக்கம்தான் இருந்திருக்கிறாள்.

நான் ஒன்றும் கேட்கேல்லை.
அவள் டியூட்டிக் கொப்பியைத் திறந்தாள்:
"சித்திரை இருபத்தாறு, சனி. நான் செய்யிறன்.
பெரிய வெள்ளிக்கு நீ நில்."

யாழ்ப்பாணத்தில் காது வைத்தியர்
முள்ளுக்கம்பியால் தட்டி, எலும்பில் வைச்சு,
"எப்ப இருந்து?" என்று கேட்டார்.
பதினாறு வயசில் இருந்து.
"எப்பிடி?" என்று வாய் எடுத்தவர்
என்ர முகவரியை ஒருக்கால் பார்த்தார்.
பேனை கொஞ்சநேரம் தாளில் நின்றது.
நெடுங்காலமாக, என்று எழுதிக்
கையெழுத்து வைச்சார்.

பதின்மூன்று மூட்டையும் போச்சு.
பெட்டியில் ஆம்.
விரல் பிசகின மாதிரித்தான் இருந்தது.

தகரத்தில் இன்றைக்கு மழை இல்லை.
ஆறாம் கட்டிலில் வேற ஆள்.
கூடாரக்காரன் திரும்பவும் கோல் எடுக்கிறான்,
குறியீட்டைச் சொல்லுறான்.
டி.
பி இல்லை, டி.